குப்பம்மாளின் தொண்ணூற்று மூன்று

வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் குப்பம்மாள் எழுதிக் கொடுக்கும் சீட்டை எந்த டாக்டரும் சந்தேகப்படுவதில்லை. அந்தக் கறார் அவளுக்கு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும்.

1961. கோடைக்கானலில் எஸ்.எஸ்.எல்.சி. படித்தோம். மதுரையில் படித்த என் அக்காவின் பழைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்துத்தான் வகுப்பே சோதனைகளை எழுதியது. கொண்டுவந்து கொடுத்த புண்ணியவதி நான்தான். பக்கத்துக் கிராமமான பள்ளங்கிக்காரி குப்பம்மாள் அதிலிருந்த ‘அறை வெப்பம் முப்பது டிகிரி’யையும் அப்படியே எழுதிவிட்டாள்.

அது டிசம்பர் மாதம். டீச்சர் அந்த வரியை உரக்க வாசித்தார். “முப்பது டிகிரியில எதுக்கும்மா ரெண்டு ஸ்வெட்டர் போட்ருக்கே?”

வகுப்பே சிரித்தது. என் நோட்டிலும் அதே முப்பதுதான். இருந்தும் சிரித்தேன். மதியமே அதைப் பதினைந்தாகத் திருத்திக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். வெட்கங்கெட்டவள் நான்.

குப்பம்மாள் அழவில்லை. புது நோட்டு வாங்கினாள். பதினான்கு சோதனைகளையும் தானே செய்வதென்று முடிவுகட்டினாள். பொங்கலுக்குள் கையெழுத்து வாங்காவிட்டால் பரீட்சை எழுத முடியாது. தினமும் இருட்டோடு நடந்து வந்து, மணியடிக்குமுன் ஆய்வுக்கூட வாசலில் நிற்பாள்.

கடைசிச் சோதனையில் தண்ணீர் தொண்ணூற்று மூன்றிலேயே கொதித்தது. மூன்று தடவை வைத்தாள். மூன்று தடவையும் அதேதான்.

“புஸ்தகத்தில நூறுன்னு இருக்கு. தெர்மாமீட்டர்தான் கோளாறு. நூறுன்னு போடு, இப்பவே கையெழுத்துப் போடுறேன்” என்றார் டீச்சர்.

“போட்டுத் தொலையேன்டி” என்றேன் நான்.

“பாக்காததை எழுதி ஒருக்கா பட்டது போதும். கோளாறான்னு பாத்துட்டு வர்றேன், அதைக் குடுங்க டீச்சர்” என்றாள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில், தெர்மாமீட்டரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அடிவாரத்து அய்யம்பாளையத்தில் இருந்த அத்தை வீட்டுக்கு இறங்கினாள்.

திங்கட்கிழமை நோட்டை நீட்டினாள். ‘கோடைக்கானல்: அறை பதினான்கு, கொதித்தது தொண்ணூற்று மூன்றில். அய்யம்பாளையம், அத்தை வீட்டு அடுப்படி: அறை இருபத்தேழு, கொதித்தது தொண்ணூற்றொன்பதில். இரண்டு ஊரிலும் ஒரே தெர்மாமீட்டர். அதில் கோளாறு இல்லை. மலைமேல் தண்ணீர் முன்னதாகவே கொதிக்கிறது.’

டீச்சர் இரண்டு முறை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு எல்லோர் நோட்டையும் வாங்கினார். என் நோட்டில், நூறுக்குக் கீழே போட்ட தன் கையெழுத்தைத் தானே அடித்தார்.

அன்று சாயங்காலம் ஆய்வுக்கூடத்தில் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் குப்பம்மாளிடம் போய் நின்றேன்.

“மொதல்ல இந்த ரூம்ல எத்தனை டிகிரின்னு பாருடி” என்றாள்.