கேட்டுக்கு உள்ளே

தேசிய நுழைவுத் தேர்வு நடக்கும் அந்த இரண்டு நவம்பர் ஞாயிறுகளில் நெவ்சிமார் ஒன்பது வருஷமாகப் பேனா விற்றுவந்தாள். தேர்வுக்குக் கறுப்புப் பேனாதான் செல்லும். அதுவும் உள்ளிருக்கும் மை வெளியே தெரிய வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் நீலப் பேனாவோடு வருகிற புண்ணியவான்கள் இருந்துகொண்டேதான் இருப்பார்கள். பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே தண்ணீர்ப் பெட்டியும் பேனாக் கட்டுமாக அவள் நிற்பாள். பக்கத்தில் வால்டெசியின் பாப்கார்ன் வண்டி.

பிரேசிலின் தலைநகர் பிரேசிலியாவில் மணி ஒன்று ஆனதும் நாடு முழுக்க கேட்டை மூடிவிடுவார்கள். மேற்குக் கோடியில் இருக்கும் அவர்கள் ஊர் ரியோ பிராங்கோவில் அப்போது பதினொன்றுதான். டிவியில் சொன்ன ஒரு மணியை நம்பி, சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாக வருகிறவர் வருஷத்துக்கு ஒருவராவது உண்டு. அந்தக் கூத்தைப் பார்க்கவே நாற்காலியும் பீருமாக ஒரு கூட்டம் கூடும். கடைசிப் பத்து விநாடிகளை உரக்க எண்ணுவது வால்டெசி. மூடிய கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுகிறவர்களைப் பார்த்து நெவ்சிமாரும் சிரித்திருக்கிறாள். இப்போது நினைத்தால் அவளுக்கே கூசியது.

ஏனென்றால் இந்த வருஷம் அவளும் விண்ணப்பித்திருந்தாள், நாற்பத்து மூன்று வயதில். முதியோர் மாலைப் பள்ளியில் படிப்பை முடித்து, பிப்ரவரியிலிருந்து மாதா கோயில் கூடத்து இலவச வகுப்புக்குப் போய், வாரம் ஒரு கட்டுரை எழுதினாள். முதல் கட்டுரைக்கு ஆயிரத்துக்கு இருநூற்று எண்பது. கடைசிக் கட்டுரைக்கு எழுநூற்று அறுபது. நர்ஸ் படிப்புக்கு அது போதும் என்றார் வாத்தியார். வால்டெசியிடம் மட்டும் அவள் மூச்சு விடவில்லை.

தேர்வன்று காலை, பாப்கார்ன் விலை எழுத வேண்டும் என்று வழக்கம்போல அவர் அவளிடமிருந்து ஒரு பேனாவை உருவிக்கொண்டார்.

"ஒம்போது வருசமா வாங்குறீங்க, ஒண்ணாச்சும் திரும்பி வந்திருக்காண்ணே?"

"பேனா விக்கிறவளுக்குப் பேனா பஞ்சமா, போடி!"

பத்து மணிக்கு கேட் திறந்தது. பத்தரைக்குள் போய்விடுவதாகத்தான் திட்டம். தனக்கென ஒரு பேனாவை ஒதுக்கியும் வைத்திருந்தாள். 'இதோ, இன்னும் ஒன்றை விற்றுவிட்டு' என்று காலம் கடத்தினாள். வியாபாரம் வெறும் சாக்கு. உள்ளே போகப் பயம்.

பதினொன்றுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது ஒரு பெண் ஓடிவந்தாள். கையில் நீலப் பேனா, கண்ணெல்லாம் தண்ணீர். கட்டு காலி. நெவ்சிமார் ஒதுக்கி வைத்ததை எடுத்துக் கொடுத்து, "காசு வேணாம், ஓடு" என்றாள்.

சரி, முடிந்தது, பேனாவே இல்லாமல் எப்படிப் போவது? நெஞ்சில் ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதிதான் அவளுக்கு ஆத்திரத்தை மூட்டியது. ஏப்ரனை அவிழ்த்து எறிந்தாள்.

"அண்ணே, பெட்டியப் பாத்துக்கங்க."

"எங்க போற?"

"உள்ள. பரீட்சை எழுத."

அவர் வாயிலிருந்த பாப்கார்ன் அப்படியே நின்றது. அவள் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து ஓடினாள். நாற்காலிக் கூட்டத்துக்குக் கொண்டாட்டம்.

"அட, பேனாக்கார அக்காவே லேட்டுடா! எண்ணுங்க வால்டெசி!"

"வாய மூடுங்கடா!" என்று கத்தினார் வால்டெசி. "நெவ்சி, ஓடு!"

செருப்பு ஒன்று நடுரோட்டிலேயே கழன்றது. காவலாளி கதவைத் தள்ளிக்கொண்டிருந்தான். மிச்சமிருந்த இடைவெளியில் அவள் பக்கவாட்டில் நுழைந்தாள். முதுகுக்குப் பின்னால் இரும்பு அதிர்ந்து மூடியது. ஒன்பது வருஷமாக அந்தச் சத்தத்தை வெளியிலிருந்தே கேட்டவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கம்பியிடுக்கில் ஒரு கை நீண்டது. ஒரு செருப்பும், முனை கடித்த ஒரு கறுப்புப் பேனாவும். வால்டெசிக்கு மூச்சு இரைத்தது.

"இந்தா, திருப்பிக் குடுத்தாச்சு. போய் எழுதுடி."