அவள் கேட்ட கடிதம்

கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமென்றால் அவள் முதலில் இந்த நாட்டை விட்டுப் போக வேண்டும். ஈப்போவில் பதிவு அலுவலகத்தின் கவுன்டரில் இருந்த பெண் இதை இரண்டு முறை சொன்னார். வேலை பெர்மிட்டில் வந்தவர்கள் இங்கே யாரையும் கட்டக்கூடாது. பெர்மிட்டை ரத்து செய்துவிட்டு அவள் ஊருக்குப் போக வேண்டும். நான் கல்யாணமாகாதவன் என்ற சான்றோடு அங்கே போய்ப் பதிய வேண்டும். பிறகு இங்கே வந்து மறுபடியும் பதிந்து, அவளுக்கு வேறு விசா கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்த பிறகு எனக்குள் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. போனவள் திரும்பி வராவிட்டால்?

நான் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவன். சிம்பாங் பூலாய் ஹாஸ்டலிலிருந்து கையுறைத் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிச் சென்று இறக்குவது வேலை. அவள் இலங்கை மலையகத்துக்காரி, தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். முன் சீட்டில் உட்காருவாள். ஆரம்பத்தில் எல்லாரையும் போல என்னை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிட்டாள். எந்த நாளில் அதை நிறுத்தினாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகு அவள் என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிடுவதில்லை. “இந்தாங்க” என்று மட்டும் சொல்வாள்.

சான்று வாங்க முதலில் ஒரு சத்தியக் கடிதம் வேண்டும். பழைய டவுனில் ஒரு கடையின் மாடியில் அதைத் தட்டச்சு செய்து முத்திரை போட்டுத் தருகிறார்கள். என்னை வெகு காலமாகத் தெரிந்த ஒருவர் சாட்சிக்கு வேண்டும் என்றதால், எங்கள் பழைய ரப்பர்த் தோட்டத்து நண்பனை அழைத்துப் போயிருந்தேன். கடிதத்தில் நான் இதுவரை திருமணம் செய்யாதவன் என்று இருந்தது. அவன் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“மச்சான், உன் கல்யாணத்துல நான் ரெண்டு தரம் பாயசம் வாங்கிக் குடிச்சவன்லா.”

“மெதுவா பேசு.”

“மேளக்காரன் லேட்டா வந்து நான் போய்க் கூட்டியாந்தேன். இப்ப இவனுக்குக் கல்யாணமே ஆகலன்னு சைன் வைக்கணுமா?”

தட்டச்சு செய்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். சொல்லாமல் இருக்க முடியவில்லை. இருபத்து நான்கு வயதில், தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினேன். பதியவில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அப்போது பலர் பதியவில்லை, கோயிலில் கட்டினால் போதும் என்று இருந்தோம். ஆறு மாதத்தில் அந்தப் பெண் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. பிறகு வேறொருவரைக் கட்டிக்கொண்டாள்.

“பதியலன்னா சட்டத்துல அது கல்யாணமே இல்லண்ணே,” என்றார் அக்கா. “தைரியமா சைன் வைங்க.”

நண்பன் வைத்தான். நானும் வைத்தேன். சட்டத்துக்கு அது போதும். ஆனால் அன்று மாலை பஸ் ஓட்டும்போது முன் சீட்டுப் பக்கம் திரும்ப முடியவில்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஏற்கெனவே கழுவிய பஸ்ஸை மறுபடியும் கழுவினேன். இத்தனை மாதத்தில் அவளிடம் இதை நான் சொன்னதே இல்லை. மறைக்க நினைத்ததில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நாள் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை, ஹாஸ்டலுக்கு எதிரே இருக்கும் சாப்பாட்டுக் கடையில் சொன்னேன். அவள் தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

“அந்த அக்கா இப்ப எங்க இருக்காங்க?”

“பாரிட் புந்தார்ல.”

“கவர்மென்டுக்கு நீங்க ஒரு கடிதம் குடுத்துட்டீங்க. எனக்கும் ஒண்ணு வேணும். உங்களப் பத்தி அவங்க கையால எழுதினது.”

“அது எதுக்கு? கவர்மென்டு அதக் கேக்கலயே.”

“அவங்க கேக்கல. நான் கேக்குறேன். அது இல்லாம நான் பெர்மிட்ட ரத்து பண்ண மாட்டேன்.”

அடுத்த சனிக்கிழமை பாரிட் புந்தார் போனேன். வீட்டைக் கண்டுபிடித்த பிறகும் அந்தத் தெருவில் மூன்று முறை போய் வந்தேன். கடைசியில் நான் அன்று தாலி கட்டியவளே வாசலுக்கு வந்து, “யாரு, என்ன வேணும்?” என்றாள். தலைக்கவசத்தைக் கழற்றினேன்.

“நீயா? உள்ள வா. மைலோ குடிக்கிறியா?”

அவள் கணவர் வேலைக்குப் போயிருந்தார். கதவு திறந்தே இருந்தது. வந்த காரியத்தைச் சொல்லி முடிக்க எனக்கு வெகு நேரமானது. அவள் சிரித்துவிட்டாள்.

“ஆறு மாசத்துல நீ என்கிட்ட இவ்வளவு பேசலயே. செவுத்தோட குடும்பம் நடத்துன மாதிரிலா இருந்துச்சு. அந்தப் பொண்ணுகிட்டயாவது பேசுறியா?”

“பேசுறேன்.”

“பொய் சொல்லாத.”

மகளின் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள். என் எதிரிலேயே மடித்து, “நீ படிக்கக்கூடாது, அது அவளுக்கு,” என்று ஸ்டேப்பிளர் அடித்துக் கொடுத்தாள். நான் படிக்கவில்லை. வரும் வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி, அது சட்டைப் பையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை ஹாஸ்டல் வாசலில் அவளிடம் கொடுத்தேன். பஸ் படியில் நின்றபடியே படித்தாள். பின்னால் நின்ற பெண்கள் முணுமுணுத்தார்கள். தாளை மடித்து, பையில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். மறுநாள் மேற்பார்வையாளரிடம் பெர்மிட்டை ரத்து செய்யச் சொன்னாள். ஒரு மாதம் கழித்து ஊருக்குப் போனாள்.

ஒன்பது நாள் போன் வரவில்லை. நானாகக் கூப்பிடவும் பயமாக இருந்தது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் போனை எடுத்துப் பார்ப்பேன். பின்னால் இருப்பவர்கள், “பச்சை விழுந்திருச்சு அண்ணே,” என்பார்கள்.

பத்தாம் நாள் பஸ்ஸை நிறுத்தி இறங்கும்போது கூப்பிட்டாள்.

“அம்மாகிட்ட கடிதத்தக் குடுத்தேன். ரெண்டு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டாங்க.”

“என்ன சொல்றாங்க?”

“குடிக்க மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு, நல்ல மனுசன்னு எழுதியிருக்காங்க. இவ்வளவு நல்லவருன்னா அந்தப் பொண்ணு ஏன் விட்டுட்டுப் போனா, அதக் கேளுன்னு சொல்றாங்க.”

போனில் அவள் அம்மாவின் மூச்சும் கேட்டது. பக்கத்திலேயே நின்றிருக்க வேண்டும். எனக்குப் பதில் தெரியும். பாரிட் புந்தாரில் அதைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

“நேர்ல வந்து சொல்றேன்,” என்றேன்.

“எப்ப?”

நாற்பத்தெட்டு வயது வரை நான் பாஸ்போர்ட் எடுத்ததில்லை. மறுநாள் அரை நாள் லீவு போட்டு, காலை ஏழு மணிக்கே போய் வரிசையில் நின்றேன்.