வெறும் பெட்பான் ஊர்வலம்

நோயாளிக்குக் கட்டிலில் வைக்கிற பெட்பானைச் சுடுதண்ணீரில் கழுவி, துடைத்து, புறங்கையில் ஒருதரம் வைத்துப் பார்ப்போம். குளிர்ந்த தகரத்தை மனுசனுக்குக் கீழே வைத்தால், வர இருந்ததும் பயந்து உள்ளே ஓடிவிடும்… அந்த இளஞ்சூடு இன்னும் என் கையில் இருக்கிறது. பினைல் மணமும், யன்னலால் அடிக்கிற கடற்காற்றும் மூக்கில்.

சாப்பிட்டுக்கொண்டு ஃபோன் பார்க்கிறவர்கள், கையைக் கழுவிவிட்டு வந்து வாசியுங்கோ. பிறகு என்னை ஏசக்கூடாது.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கடலுக்குப் போனால் வலை போடுவதற்கு முதல் வாந்தி போடுவேன். வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வாட்டுக்குத் தற்காலிகச் சிற்றூழியனாக வந்தேன். வந்து மூன்றாம் மாதம் நடந்த கதை இது. என்னை வைத்திருப்பதா, அனுப்புவதா என்று வாட்டுத் தாதி மிஸ் யோசித்துக்கொண்டிருந்த நேரம்.

ஆறாம் கட்டிலில் சூசை ஐயா. ஓலைத்தொடுவாயில் மூன்று வள்ளம் வைத்திருந்த சம்மாட்டியார். வள்ளம் தள்ளும்போது விழுந்து தொடை எலும்பு முறிந்து, காலில் பாரம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எழும்ப முடியாது. எல்லாம் கட்டிலில்தான்.

ஏழாம் கட்டிலில் தோட்டவெளி மனுவல் அண்ணர். குடலிறக்கத்துக்கு ஒப்பரேசன் செய்தவர். அவருடைய மகளைத்தான் சூசை ஐயாவின் மகனுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்!

சம்பந்தியாகப் போகிற இருவருக்கும் நடுவில் ஒரு சின்ன அலுமாரி மட்டும். திரை, மறைப்பு ஒன்றும் கிடையாது.

காலையில் மிஸ் வந்து கால்மாட்டில் நின்று, முழு வாட்டுக்கும் கேட்கக் கேட்பார்.

"ஐயா, வெளிக்குப் போனீங்களோ?"

"ஓம் பிள்ளை, நல்லாப் போச்சு."

மிஸ் கட்டிலில் தொங்கும் நோயாளி அட்டையில், அதுதான் ரிக்கற்றில், எழுதிவிட்டுப் போவார். எங்கே போனது? பெட்பான் தூக்குகிறவன் நான் அல்லவா!

ஐயா வந்து மூன்றாம் நாள் அவர் காதுக்குள் கேட்டேன்.

"நல்லாப் போனது எந்தப் பக்கத்தால போச்சு ஐயா? நான் காணேல்லையே."

என் கையைப் பிடித்துக்கொண்டார். "டேய் தம்பி, சத்தம் போடாதை. பொம்பிளை தரப்போற மனுசன் பக்கத்தில கிடக்குது. அவருக்கு முன்னால என்னை முக்கச் சொல்லுறியோ?"

"ஒண்டும் போகேல்லை எண்டாலும் அவர் யோசிப்பாரே, சம்மாட்டிக்கு என்ன வருத்தமோ எண்டு."

"அப்ப நீ ஒரு உதவி செய்…"

அன்றிலிருந்து தொடங்கியது எங்கள் ஊர்வலம். காலையில் பெட்பானைக் கொண்டுபோய் வைப்பேன். பத்து நிமிசத்தில் எடுத்து, துணியால் மூடி, ஏழாம் கட்டில் பக்கமாகவே கொண்டுபோவேன். "ஐயோ ஐயா, நேற்று என்னத்தைச் சாப்பிட்டனீங்கள்!" என்று மூக்கைச் சுளிப்பேன். மனுவல் அண்ணர் மரியாதையாக மற்றப் பக்கம் திரும்பிவிடுவார்.

உள்ளே ஒன்றுமில்லை. வெறும் பெட்பான்.

எனக்கு அது நல்ல பகிடி. அவரோ தண்ணீரையும் குறைத்துவிட்டார். கால் வலிக்குக் கொடுத்த குளிசையும் குடலை இறுக்கும் குளிசை. அது அப்போது எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் நாள் படுக்கை விரிப்பு நனைந்திருந்தது. தண்ணீர் மாதிரிக் கசிவு. அவருடைய மனைவி திரேசம்மா மாதுளங்கோது அவித்த தண்ணீரோடு ஓடிவந்தார். "மிஸ், இவருக்கு வயித்தாலை போகுது. நிப்பாட்டுற குளிசை ஏதும் குடுங்கோ."

மிஸ் ரிக்கற்றைப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் 'போனார், போனார்' என்றுதான் இருந்தது. டொக்டரிடம் கேட்கப் புறப்பட்டார்.

நான் ஐயாவைத் துடைத்தேன். வயிற்றில் கை பட்டது… வள்ளத்துப் பலகை! நெற்றியெல்லாம் குளிர் வியர்வை. அப்போதும் மனுசன் முனகுகிறார், "சொல்லிப்போடாதை தம்பி."

சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அடைத்துக் கிடக்கிற வயிற்றை இன்னும் அடைக்கிற குளிசை உள்ளே போகும். நாலாம் வகுப்பு மூளைக்கும் அந்தக் கணக்கு விளங்கியது. ஒன்பது நாள் சாப்பாடு எங்கே?

ஓடினேன்.

"மிஸ், அந்தக் குளிசையைக் குடுக்காதேங்கோ. அவர் ஒன்பது நாளாப் போகேல்லை."

"ரிக்கற்றில இருக்கே?"

"அது பொய் மிஸ். நான் தூக்கித் திரிஞ்சது வெறும் பெட்பான்."

"ஒன்பது நாளுமோ?"

"ஓம் மிஸ்… மூண்டாம் நாளில இருந்து நானும் சேர்ந்து நடிச்சனான்."

மிஸ் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியானேன். உடனே டொக்டரைக் கூட்டிவந்தார். கையுறை போட்டுப் பார்த்த டொக்டர் சொன்னார்: உள்ளே கல்லுப்போல அடைத்திருக்கிறது, கசிந்தது அதன் பக்கத்தால் வந்த தண்ணீர், வயிற்றோட்டமே இல்லை.

இரண்டு சேலைன் கம்பியில் விரிப்பைக் கட்டி மறைத்தோம். மிஸ் எனிமா கொடுத்தார், அவசரமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக. "மூச்சை இழுத்து விடுங்கோ ஐயா… வெட்கம் என்ன, நான் உங்கட மகள் மாதிரி."

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. கடைசியில் பெட்பானை இரண்டு கையாலும் தூக்கவேண்டி வந்தது. அன்றைக்கு மூக்கைச் சுளிக்க நடிப்புத் தேவைப்படவில்லை.

"மாதாவே…" என்று ஐயா பெருமூச்சு விட்டார்.

அப்போது ஏழாம் கட்டிலில் இருந்து ஒரு மெல்லிய குரல்.

"மிஸ்… எனக்கும் ஆறு நாள். நானும் பொய்தான் சொன்னனான்."

சூசை ஐயா சிரித்த சிரிப்பில் முழு வாட்டும் சேர்ந்து சிரித்தது, காலில் கட்டிய பாரம் ஊஞ்சல் ஆடியது. "அட சம்பந்தி! நீங்களுமோ?" அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டது அதுதான் முதல்தரம். கலியாணமும் நடந்தது. நான் போய் இரண்டுதரம் போட்டுச் சாப்பிட்டேன்.

பின்னேரம் மிஸ் கூப்பிட்டார். வீட்டுக்குப் போகச் சொல்லப்போகிறார் என்று நின்றேன். பேனையை நீட்டினார்.

"இனி ரிக்கற்றில இந்தக் கட்டத்தை நீதான் போடவேணும். போனால் சரி, போகேல்லை எண்டால் பிழை. படிப்புத் தேவையில்லை, கண் இருந்தால் காணும். ஆனா வெறும் பெட்பானுக்குச் சரி போட்டியோ, அண்டைக்கே உன்னை அனுப்பிப்போடுவன்."

இப்போது கட்டிலுக்குக் கட்டில் திரை இருக்கிறது. கொமோட் கதிரை இருக்கிறது. குடலை இளக்குகிற பாணி மருந்து போத்தலில் இருக்கிறது. மிஸ்மாரும் கிட்ட வந்து மெதுவாகத்தான் கேட்கிறார்கள். இளம் பொடியன்களுக்கோ வெட்கமே இல்லை. ஃபோனில் கனடாவோடு கதைத்துக்கொண்டே, "பொறு மச்சான்… ஓம் மிஸ், ரெண்டுதரம்" என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் முழு வாட்டும் ஒன்றாய்ச் சிரிக்கிற சத்தத்தைக் கேட்டுக் கனகாலம்…

வயது போனவர்கள் மட்டும் இன்றும் அதே பொய்தான். "ஓம் பிள்ளை, நல்லாப் போச்சு." புதிதாக வந்த மிஸ் அதைக் கேட்டு உடனே எழுதமாட்டாள். வாசலில் நிற்கிற என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

நான் தலையாட்டின பிறகுதான் எழுதுவாள்.