கூரையில்லாத ட்ராம்

மொன்றியலைப் பழைய ட்ராமில் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று, பாரிசிலிருந்து வந்திருந்த மச்சாள் பிடிவாதமாக நின்றாள். என் கணவரின் அக்கா. இங்கே தெருவில் ட்ராம் ஓடாமல் விட்டு எத்தனையோ காலம் என்று சொன்னேன்.

"பதினொரு வருசமா இருக்கிறாய். உன்ர ஊரை உனக்கே தெரியேல்லை," என்றாள்.

ஆற்றின் தென்கரையில் ஒரு ரயில் அருங்காட்சியகத்தில் மட்டும் அப்படி ஒன்றை ஓட்டுகிறார்கள். சனிக்கிழமை காலை கணவர் எங்களைக் காரில் ஏற்றிப்போனார். எங்கள் வீடு இருக்கிற சென்ட் லோரன்டிலிருந்து ஆற்றுப் பாலம் வரைக்கும் அவளும் நானும் ஒரு சொல் கதைக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் மாமி, அவளுடைய அம்மா, எங்கள் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த இரண்டு மாதமும் நான்தான் கழுவித் துடைத்தேன், ஊட்டினேன். பெற்ற மகள் எட்டிப் பார்க்கவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போனாள். அதை நான் மறக்கவில்லை.

அந்த ட்ராமுக்குக் கூரை இல்லை. பலகை இருக்கைகள் படிபோலப் பின்னுக்கு உயர்ந்து போயின. கணவர் முன்னால் போய் இருந்துவிட்டார். அவருக்குப் பின்வரிசையில் நானும் அவளும். டிக்கெட் பார்க்கிற பெண் ஏதோ கேட்க, நான் பிரெஞ்சில் பதில் சொன்னேன். மச்சாள் எல்லோருக்கும் கேட்கும்படி என்னைத் திருத்திவிட்டு, இத்தனை வருடம் இருந்தும் இவளுக்குப் பிரெஞ்சு வாயில் வரவில்லை என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிச் சிரித்தாள்.

ட்ராம் புறப்பட்டது. முன்பு இதே வண்டி நகரத்து மலையில் ஏறிய கதையை வழிகாட்டி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பிரெஞ்சிலதான் மச்சாள், உங்கட அம்மாக்காக நான் டொக்டர்மாரோட கதைச்சனான். அப்ப நீங்கள் எங்க இருந்தனீங்கள்?"

"வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு இப்ப கேக்கிறியோ?"

"ஆர் சொன்னது?"

"நீதான். நான் வந்தால் நீ வீட்டை விட்டுப் போயிடுவாய் எண்டு சொன்னியாம். தம்பி போனில அழுதவன்."

அப்படி ஒரு சொல் என் வாயிலிருந்து வந்ததே இல்லை. இருவரும் முன்னால் இருந்த தலையைப் பார்த்தோம். அது திரும்பவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"இஞ்சருங்கோ," என்றேன்.

"நீங்கள் ரெண்டு பேரும் சண்டை பிடிப்பியள் எண்டு பயந்தனான்," என்றார், தலையைத் திருப்பாமலே. "அம்மா நிம்மதியாப் போகட்டும் எண்டு..."

"மாமி ஒவ்வொரு பின்னேரமும் 'பிள்ளை வந்திட்டாளோ' எண்டெல்லோ கேட்டவ!"

நான் கத்தியதில் வழிகாட்டி பேச்சை நிறுத்திவிட்டார். மச்சாள் இருக்கைக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"இதை ஏன் எனக்கு இப்ப சொல்லுறாய்?" என்று என்மீதுதான் பாய்ந்தாள்.

வண்டி நிற்க இன்னும் ஒரு சுற்று இருந்தது. இறங்கவும் வழியில்லை. அந்தச் சுற்று முழுக்க அவள் என்னைத் திட்டினாள். நான் அவரைத் திட்டினேன்.

கார் நிறுத்துமிடத்தில் கணவரிடம் சாவியைக் கேட்டு வாங்கி, ஓட்டுகிற பக்கம் நான் ஏறினேன். மச்சாள் முன்சீட்டில் ஏறினாள். பாலத்தில் போகும்போது பின்சீட்டிலிருந்து, "பேந்து வீட்டை போய் ஆறுதலாக் கதைப்பம்," என்றார் கணவர். மச்சாள் ரேடியோவைச் சத்தமாகப் போட்டாள்.

எனக்கும் மச்சாளுக்கும் இன்றைக்கும் ஒத்துவராது. ஆனால் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இப்போது அவள் நேரே எனக்கே போன் எடுக்கிறாள். அக்கா என்ன சொன்னவ என்று கணவர் ஒவ்வொரு முறையும் கேட்பார். நான் சொல்வதில்லை.