ஈஸ்டருக்கும் எடுக்காத தாடி

என் தாடியைப் பார்த்து, ஏதாவது வேண்டுதலா என்று கேட்கிறார்கள். பயம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

எங்கள் சர்ச் பங்கில் எல்லோரும் ஈஸ்டருக்குக் காத்திருப்பார்கள். எனக்கோ இப்போது அது நெருங்க நெருங்கப் பயம். முன்பெல்லாம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று குடியை நிறுத்திவிட்டுத் தாடி வளர்ப்பேன். மந்தைவெளியில் எங்கள் தெருவில் பாதி ஆண்கள் அப்படித்தான். தவக்காலம் முழுக்கத் தொடாமல் இருக்கிறேனே, நானா குடிகாரன் என்று எனக்கு நானே சர்டிபிகேட் கொடுத்துக்கொள்வேன். மனைவி வாயைத் திறந்தால் அதைத்தான் அவள் முகத்தில் வீசுவேன். விரதம் எப்போது முடியும் என்று விரல் விட்டு எண்ணுகிறவன் எதை ஜெயித்தான்? அந்தப் புத்தி அப்போது எனக்கு ஏது!

ஈஸ்டர் காலையில் தாடியை எடுப்பேன். குளியல், புதுச்சட்டை, மட்டன் பிரியாணி, பிறகு மச்சினன் கொண்டுவரும் பாட்டில். விட்டதையெல்லாம் வட்டியோடு குடிப்பேன்.

அப்படி ஒரு ஈஸ்டர் மதியம் மகள் ஐஸ்கிரீம் கேட்டாள். ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து அடையாறுக்குக் கூட்டிப்போனேன். போனது ஞாபகம் இருக்கிறது. திரும்பி வந்தது இல்லை. சாயங்காலம் கட்டிலில் கண் விழித்தேன். எவ்வளவு யோசித்தும் அடையாறு பாலத்தைத் தாண்டியது நினைவுக்கு வரவில்லை. மகளைக் கூப்பிட்டு, எப்படிம்மா வந்தோம் என்று கேட்டேன்.

"கண்ணாடியில உன் கண்ணு மூடி மூடித் தொறந்துச்சுப்பா. நான் உன்ன கெட்டியா புடிச்சிக்கினேன்."

அவள் அழவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. அன்றோடு விட்டேன் என்று எழுத ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன். அடுத்த சாம்பல் புதன்வரை குடித்தேன். அன்று குடி தானாக நின்றது. அவ்வளவு சுலபமாக நின்றதுதான் எனக்கு உதறல் கொடுத்தது. மறுபடி எந்த நாளில் பிடிக்கும் என்று எனக்குத்தான் தெரியுமே.

அந்த வருஷ ஈஸ்டர் காலை, சலூன் நாற்காலியில் கழுத்தில் துணியோடு உட்கார்ந்திருந்தேன். தாடையில் சோப்பு நுரை பட்டதுமே நாக்கில் எச்சில் ஊறியது. சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணாடியில் தெரிந்தவனைப் பார்த்து நடுங்கிப்போனேன். தாடி போனால் அடுத்தது பாட்டில் என்று என் உடம்புக்கு மனப்பாடம். நுரையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். கத்தியும் கையுமாக நின்ற கடைக்காரர் என்ன ஆச்சு சார் என்றார். கழுத்துத் துணியை அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

மச்சினன் தாடியைப் பார்த்ததும் சிரித்தான். "இன்னா மாமா, ஆண்டவரே உயிர்த்துட்டாரு, நீ இன்னும் தாடியோட கீற?"

கேட்டுக்கொண்டே எனக்கும் ஊற்றினான். வாசனை மூக்கில் ஏறியது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"எனக்கு இன்னும் தவக்காலம் முடியல மாப்ள."

என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மனைவி அந்தக் கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று மகள் ஐஸ்கிரீம் கேட்கவில்லை. போகலாமா என்று நான்தான் கேட்டேன். கீழே வந்தவள் வண்டியில் ஏறாமல் நின்றாள். எக்கி என் வாயை மோந்து பார்த்தாள். பிறகுதான் ஏறினாள்.

அடையாறு போய்த் திரும்பும்வரை என் இடுப்பைப் பிடித்த பிடியை அவள் தளர்த்தவே இல்லை.