குரவை பிடித்த குழி

போன வாரம் கண்ணாடிக்குக் காது உடைந்துபோனதென்று பூந்தமல்லிக்குப் போயிருந்தேன். மெட்ரோவுக்குத் தூண் நட்டிருக்கிறார்களே, அதை ஒட்டி ஒரு புதுக்கடை. வாசலில் சரம் சரமாக ரப்பர் மீன் தொங்கியது. கிட்டே போய்ப் பார்த்தால், ஈயத் தலை, அதில் ஒரு தூண்டில் முள், பின்னால் பச்சையும் ஆரஞ்சுமாக வால். கடைக்காரப் பையனுக்கு என்னைப் பார்த்ததும் குஷி.

"இது ஜிக்கு, ஆயா. தண்ணில வுட்டு ஆட்டினா மீனு தானா வரும்."

"தானா வராது நைனா, ஆட்டத் தெரியணும்" என்றேன்.

அவன் சிரித்தான். சிரிக்கட்டும். பேருந்துப் பலகை படிக்கிற அளவுக்குத்தான் எனக்கு எழுத்து வரும், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எவன் சொல்வதையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்ள மாட்டேன்.

அந்த ஈயத்தை மூக்கருகே கொண்டுபோனேன். வாசனை ஒன்றும் இல்லை. ஈயம் காயும்போதுதான் மணக்கும். கல்யாணமான புதிதில் திருவேற்காட்டுப் பக்கம் குடியிருந்தபோது, லாரி டயர் கடை வாசலில் விழுந்து கிடக்கும், சக்கரத்தில் எடைக்கு மாட்டுகிற ஈயத் துண்டுகளைப் பொறுக்கி வந்து அடுப்பில் உருக்குவேன். எதில் என்று கேட்காதீர்கள். குழம்புக் கரண்டியில்தான். காய்ந்த களிமண்ணில் விரலால் ஒரு குழி, அதில் முள்ளைப் படுக்கவைத்து ஈயத்தை ஊற்றினால் மிளகளவு தலை கிடைத்துவிடும். என் வீட்டுக்காரர் கதவோரம் நின்று புலம்புவார்: "இன்னிக்கு ரசத்துல ஈயமா, ஈயத்துல ரசமா?" பாவம், வாயில்லாப் பூச்சி. இன்றைக்குக் கேட்டால் ஈயம் விஷம் என்கிறார்கள். நான் இன்னும் கல்லு மாதிரி இருக்கிறேன்.

வாலுக்குச் சேவலின் கழுத்து இறகு. கோழிக்கடை காதர் பாய் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். "இன்னா தங்கச்சி, தெனமும் எறகு கேக்கிறியே, தலகாணி தெக்கிறியா?" என்பார். ஒருநாள் இரண்டு குரவை மீனைக் கொண்டுபோய் அவர் தராசில் போட்டேன். அதற்குப் பிறகு நல்ல செம்பட்டை இறகாகப் பார்த்து எடுத்து வைப்பார்.

குரவை தெரியும்தானே? விராலுக்குத் தம்பி மாதிரி, உடம்பெல்லாம் புள்ளி. தண்ணீரை விட்டு எடுத்தாலும் சீக்கிரம் சாகாது. ரோஷக்கார மீன். அதனால்தான் எனக்கும் அதற்கும் ஒத்துப்போயிற்று.

வானகரத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு தாங்கல் இருந்தது. ஏரி என்று சொல்லும் அளவுக்குப் பெரிதில்லை. மழை பெய்தால் கடல், கோடையில் கட்டாந்தரை. ஆம்பிளைகள் தண்ணீர் இருக்கும்போது மட்டும் வருவார்கள். நானோ தண்ணீர் இல்லாதபோதும் போவேன். விறகுக்கு, வறட்டிக்கு. எந்த இடத்தில் செங்கல்லுக்கு மண் வெட்டிய குழி, எங்கே வேலிகாத்தான் கட்டை நிற்கிறது, எங்கே முள் புதர் சாய்ந்து கிடக்கிறது எல்லாம் என் காலுக்குத் தெரியும். மழை வந்து மூடினதும் அவர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள், நான் தரையைப் பார்த்தேன். மீன் தரையைப் பார்த்துத்தான் குடியிருக்கும்.

கரையிலிருந்து ஒரு பனைமரம் தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்தது. அதன் தலைமாட்டில் ஆழக்குழி, குழி ஓரத்தில் கட்டைகள். பனைமேல் உட்கார்ந்து தங்கூசி என்கிற நைலான் நரம்பை நேராக இறக்குவேன். ஈயம் சேற்றைத் தொட்டதும் ஒரு சாண் தூக்கிக்கொள்ள வேண்டும். பிறகு ஆட்டுவது. முறத்தில் புடைக்கிறாற்போல ஆட்டினால் மீன் ஓடிவிடும். தூங்கின பிள்ளையின் தூளியை ஆட்டுவது போல, கை அசைந்ததா இல்லையா என்று கைக்கே தெரியக்கூடாது. மீன் இழுக்கும் என்று காத்திருப்பவன் முட்டாள். கீழேயிருந்து கவ்விக்கொண்டு மேலே வரும், நரம்பு தொளதொளத்துப் போகும். அப்போது சுண்டினால் ஆயிற்று. வெயில் ஏறினால் அதில் அரைச் சாண் இறக்க வேண்டும். மார்கழிக் குளிரில் குழியின் அடிமட்டம்தான்.

அந்தக் கரையில் ஒரு முறை இருந்தது. தூண்டில் போடுகிறவர் முதலில் தன் குச்சியை நட்டுவிட வேண்டும். குச்சி நட்ட இடம் அன்றைக்கு அவருடையது. டீ குடிக்கப் போனாலும், தூங்கப் போனாலும், யாரும் தொடமாட்டார்கள். குடிகாரன்கூடத் தொட்டதில்லை.

மேஸ்திரி தொட்டார்.

கட்டட மேஸ்திரி, பெரிய மீசை, என் வீட்டுக்காரருக்கு அவ்வப்போது வேலை கொடுக்கிறவர். சிங்கப்பூரிலிருந்து மச்சான் அனுப்பிய முள்ளெல்லாம் ஒரு தகர டப்பாவில் வைத்திருப்பார். அதை ஆட்டிக்கொண்டேதான் நடப்பார். என் பனையருகே வந்தார். என் குச்சியைப் பிடுங்கினார். முறித்தார். தண்ணீரில் எறிந்தார்.

"இன்னாமே, பொம்பள வந்து குச்சி நட்டுகினு கீறே? ஊட்டாண்ட போயி கொழம்பு வையி, போ."

கரை முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. வீட்டில் சொன்னால், "வுடுமே, நாளிக்கு வேல கெடிக்காது" என்றார் இவர். விட்டுவிடுவேனா? அதே கரையில், அதே ஆட்கள் பார்க்க, அந்த ஆள் தன் காலாலேயே நடந்து போகவேண்டும். அதற்குப் பிறகு திரும்பி வரக்கூடாது. சோறு இறங்கவில்லை எனக்கு, இதைத்தான் மென்றுகொண்டிருந்தேன்.

கவனித்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு மீன் எங்கே இருக்கும் என்று தெரியாது, எவனுக்கு மாட்டுகிறதோ அந்த இடத்தைப் பிடுங்குவதுதான் அவர் வித்தை.

ஒருநாள் விடிந்தும் விடியாமலும் போய்ப் பனையடியில் குரவைகளைப் பிடித்தேன். ஈரச் சாக்கில் சுற்றினேன், உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தன. அங்கிருந்து கிளம்பி, எதிர்மூலையில் முள்புதர் மூழ்கிக் கிடக்கிற இடத்துக்கு நேராகக் குச்சி நட்டு உட்கார்ந்தேன். மேலாகப் பார்த்தால் கண்ணாடி மாதிரித் தண்ணீர். மேஸ்திரியின் சைக்கிள் கரையேறியதும், முந்தானை மறைவில் ஒரு குரவையை முள்ளில் மாட்டி, விரலாழம் முக்கி, "ஐயோ, எம்மாம் பெர்சு!" என்று தூக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. நடிப்பு எனக்கு வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வந்தார். குச்சியைப் பிடுங்கினார். நான் தலையைக் குனிந்து எழுந்துகொண்டேன், சிரிப்பை மறைக்க.

முதல் முள் புதரில் மாட்டியது. இழுத்தார், அறுந்தது. அடுத்ததும் அப்படியே. சிங்கப்பூர் டப்பா காலியாகக் காலியாகக் கரையில் ஆட்கள் தங்கள் தூண்டிலை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். கடைசி முள்ளை விட மனசில்லாமல் வேட்டியை மடித்துக்கட்டி உள்ளே இறங்கினார். வேலிகாத்தான் முள் என்ன மேஸ்திரியென்றா பார்க்கும்? வேட்டியைப் பிடித்துக்கொண்டது. பட்டாபட்டி டிராயரோடு, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, நொண்டி நொண்டிக் கரையேறினார்.

காதர் பாயும் இருந்தார் அன்றைக்கு. "மேஸ்திரி, வேட்டிய இன்னா மீனு முழுங்கிச்சா?" என்றார்.

நான் என் பங்குக்குக் கேட்டேன்: "கொழம்பு வெக்க எதுனா கெட்சுதா அண்ணாத்தே?"

கரை சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு தேறும். நடந்துதான் போனார். பிறகு தூண்டிலோடு அவர் வரவே இல்லை. அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சில வருஷம் கழித்து லாரியோடு வந்தார்.

தாங்கலை மேடாக்கி மனை போடப்போகிறார்கள் என்றும், மண்ணும் இடிசலும் கொட்டுகிற வேலை மேஸ்திரிக்கு என்றும் சொன்னார்கள். ஓடினேன். குடை பிடித்து நின்றிருந்தார். அத்தனை பெரிய தாங்கலில் முதல் லோடு எங்கே கொட்டச் சொன்னார் தெரியுமா? பனையின் தலைமாட்டில். உடைந்த செங்கல்லும் சிமெண்டு கட்டியும் சரசரவென்று குழிக்குள் இறங்க, தண்ணீர் பொங்கி என் காலை நனைத்தது.

என்னைப் பார்த்தார். "இப்ப நடுமே உன் குச்சிய" என்றார்.

சிரிக்க யாருமில்லை, லாரிக்காரனைத் தவிர.

அந்த இடத்திலேயே மனை வாங்கி, மாடி வைத்து வீடு கட்டினார். வேறு இடமா கிடைக்கவில்லை? என்னைப் பார்த்துத்தான் கட்டினார். அந்தத் தெருப்பக்கமே நான் போனதில்லை. சந்தைக்குச் சுற்றிப் போனாலும் போவேனே தவிர அந்த வழி மிதிக்கமாட்டேன்.

அவர் செத்தபோது மட்டும் போனேன். வேலை கொடுத்தவர், போகாவிட்டால் நன்றாயிராது என்று என் வீட்டுக்காரர் இழுத்துப்போனார். எனக்கும் ஓர் ஆசை, மீசை படுத்துக்கிடப்பதைப் பார்க்கவேண்டும் என்று. மாலையோடு நடுக்கூடத்தில் ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். நான் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தேன். வழவழவென்று வெள்ளை டைல்ஸ். வாசல்தான் கரை என்றால், பனை இப்படி வரும், தலைமாடு இங்கே, குழி இங்கே என்று மனசுக்குள் அளந்துகொண்டே போனேன். ஐஸ் பெட்டியின் காலடியில் வந்து நின்றது கணக்கு. அதற்குக் கீழே குரவை, அதற்குக் கீழே கட்டை, அதற்கும் கீழே குளிர்ந்த சேறு. எல்லாவற்றின் மேலும் இந்த ஆள்.

எங்கிருந்து வந்ததோ அழுகை. மாரிலடித்துக்கொண்டு அழுதேன். என் அம்மா செத்ததற்குக்கூட அப்படி அழுததில்லை.

மேஸ்திரியின் பெண்சாதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்மாம் பாசம் பாரு இவளுக்கு, அவுரு மேல" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். இன்றைக்கும் அந்தத் தெருவில் அப்படித்தான் பேச்சு. தாங்கலுக்கு அழுத அழுகையையும் அந்த ஆளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.