பங்கு ஆட்டை வெட்டியவள்

இறைச்சி வெட்டும் வேலை பழகப் போகிறேன் என்று நான் சொன்னபோது அப்பாவும் அம்மாவும் முகம் சுளித்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்களுடையது மன்னார்க் கத்தோலிக்கக் கடற்றொழில் குடும்பம். பத்து வயதிலிருந்து திருக்கையும் சுறாவும் வெட்டி, குடல் எடுத்து, உப்புப் போட்ட கை என்னுடையது. அப்போதெல்லாம் நான் கெட்டிக்காரி. அதே கை ஆட்டுத் தொடையைத் தொட்டால் மட்டும் குடும்ப மானம் கப்பலேறிவிடுமாம். மீனுக்கு உயிர் இல்லையா? அதன் இரத்தம் பச்சைத் தண்ணீரா?

உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். தையல், கேக் ஐசிங், மணப்பெண் அலங்காரம் என்று ஆளுக்கொன்றை நீட்டினார்கள். எனக்கு எதுவும் வேண்டாம். பஜாரில் எங்களுக்குப் பழக்கமான இறைச்சிக்கடை முஸ்லிம் அண்ணன், நாங்கள் 'நானா' என்று கூப்பிடுபவர், ஹோட்டல்களுக்குத் துண்டு போட்டுக் கொடுக்க ஆள் போதாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். நேரே போய்க் கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

"பழக்கிறன் தங்கச்சி. ஆனா உங்கட அப்பா வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். வேதக்காரப் பிள்ளையைக் கொண்டுவந்து கடையில வச்சிருக்கிறன் எண்டு நாளைக்குக் கதை வரப்படாது."

அதில் நியாயம் இருந்தது. அப்பாவின் ஒரு வார்த்தைதான் தேவை. அவரோ "பாப்பம், பாப்பம்" என்று இரண்டு மாதத்தை ஓட்டினார்.

உயிர்த்த ஞாயிறுக்கு முதல் நாள் எங்கள் பக்கத்தில் பதினொரு வீடு சேர்ந்து பங்கு ஆடு அடிப்போம். எங்கள் வீட்டு வளவில்தான் நடக்கும். நானா வந்து அறுத்து உரித்துத் தருவார். அந்த வருடம் உரித்துத் தொங்கவிட்டதும் கத்தியை என்னிடம் நீட்டினார். "நீங்கள் வெட்டுங்கோ, பாப்பம்."

வழக்கமாகப் பங்கு இறைச்சியைக் கோடரியால்தான் கொத்துவார்கள். கடிக்கும் இடமெல்லாம் எலும்புச் சிராய். நான் கத்தி நுனியால் மூட்டைத் தேடித் தேடிப் பிரித்தேன். ஈரல், கொழுப்பு, நெஞ்செலும்பு, தொடை என்று எல்லாம் சேர்த்து ஓலைப்பாயில் பதினொரு கூறு வைத்தேன். "இனி அப்பா வந்து சொன்னாச் சரி" என்றுவிட்டு நானா கடைக்குப் போனார். கிணற்றடியில் நின்று அப்பா முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அயலவர்கள் சட்டிகளோடு வந்தார்கள். எங்கள் வழக்கப்படி அப்பா பாய்க்கு முதுகைக் காட்டி நின்றார். ஒருவர் ஒரு கூறைத் தொட்டு "இது ஆருக்கு?" என்பார். அப்பா திரும்பிப் பாராமலே ஒரு வீட்டைச் சொல்வார். அதற்குப் பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. அன்று குறை சொல்லவும் ஒன்றும் இருக்கவில்லை.

"இந்த முறை ஆர் வெட்டினது? தராசில வச்ச மாதிரியெல்லோ இருக்கு" என்றார் அடுத்த வீட்டு மாமா.

முழங்கை வரை இரத்தத்தோடு நான் பக்கத்திலேயே நிற்கிறேன். குடல் கழுவினவள் என்று மாமா நினைத்திருப்பார். 'என்ர மகள்' என்று ஒரு சொல் போதும். பொழுதுபடுமுன் அது நானாவின் காதுக்கும் போய்விடும்.

"கடைப் பொடியன்" என்றார் அப்பா.

எந்தக் கடைப் பொடியன்? அந்த வளவில் அப்படி ஒரு பிறவியே இருக்கவில்லை.

மறுநாள் பூசை முடிந்து வந்து மத்தியானச் சாப்பாடு. அப்பா எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"அதை வெட்டினது நான், அப்பா."

"தெரியும்."

"பிறகேன் பொய் சொன்னனீங்கள்?"

"உன்னைக் கட்ட ஒருத்தன் வரவேணும் பிள்ளை."

"வாறவன் இறைச்சி தின்னமாட்டானோ?"

அப்பா இன்னொரு அகப்பை குழம்பு விட்டுக்கொண்டார். சட்டியைத் தூக்கி முற்றத்தில் எறிய வேண்டும் போலிருந்தது எனக்கு.

அதுவரை என்னோடு மல்லுக்கு நின்ற அம்மாதான் திடீரென்று எழுந்தார். "இந்த மனுசன்ர வாய் தின்ன மட்டும்தான் திறக்கும். நாளைக்கு நான் வாறன், நட."

திங்கட்கிழமை கடை வாசலில் நின்று அம்மா கேட்டார்: "பெத்தவள் சொல்லுறன். அந்த ஒரு வார்த்தை காணாதோ?"

"காணும் அக்கா" என்றார் நானா.

நாலு வருடமாகிவிட்டது. ஹோட்டல்களுக்குப் போகும் துண்டெல்லாம் இப்போது என் கைவெட்டு. ஞாயிறுதோறும் வீட்டுக்கு இறைச்சி கொண்டுபோவதும் நான்தான். அப்பா ரசித்து, இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிடுகிறார். மகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "பஜார்ப் பக்கம் ஒரு கந்தோரில கிளார்க்கா இருக்கிறா" என்கிறார்.